இணைய மிரட்டலைப் பற்றிய த்ரில்லர் நாவல்களைப் பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 14 வயது மகள் இரண்டு மாதமாக ஒரே வகை நாவல்களையே தேடித் தேடிப் படிக்கிறாள். போலிக் கணக்கிலிருந்து மிரட்டல் வருகிறது, அந்தரங்கப் படம் கசிகிறது, தோழி ஒருத்தி காணாமல் போகிறாள், கடைசி அத்தியாயத்தில் முகமூடி கழல்கிறது. இதையெல்லாம் படிக்க விடலாமா, இவற்றில் வருவது நிஜத்திலும் இப்படித்தான் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், ஒரு புத்தகத்தில் ஒரு பக்கத்தின் ஓரத்தை மட்டும் அவள் மடித்து வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த மடிப்புதான் என்று நினைக்கிறேன். அவளுக்கே ஏதாவது நடந்துகொண்டிருக்கிறதோ என்பதுதான் நீங்கள் கேட்க வந்த கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த நாவல்களையும் விடாமல் படிக்கிறேன். என் அறைக்கு வரும் பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வாய் வராமல், "ஒரு கதையில இப்படி வரும்" என்று தொடங்குவதைப் பல முறை பார்த்துவிட்டேன். அதனால் அந்தக் கதைகள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. சட்டத்திலோ காவல்துறைப் புலனாய்விலோ எனக்குப் பயிற்சி கிடையாது. அந்தப் பக்கம் நான் சொல்வதைப் பொதுவான அறிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படிக்க விடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இணையத்தில் சிக்கிக்கொண்ட பிள்ளைகளிடம் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டால், என் அனுபவத்தில் முதலில் வரும் பதில் "சொன்னா ஃபோனைப் பிடுங்கிடுவாங்க" என்பதுதான். திட்டு விழும், அடி விழும் என்ற பயமெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது. ஃபோன் போனால் மிரட்டுகிறவனோடு சேர்ந்து தோழிகளும் போய்விடுவார்கள், ஆறுதல் சொல்ல இருந்த ஒன்றிரண்டு பேரும் போய்விடுவார்கள். அடிபட்டவளுக்கே தண்டனை. இன்று நீங்கள் புத்தகத்தைப் பிடுங்கினால், இந்த விஷயத்தின் பேச்சை எடுத்தாலே கையில் இருப்பது போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொள்வாள். ஃபோன் விஷயத்திலும் அதே கணக்கைத்தான் போடுவாள்.

இந்தக் கதைகள் மிகச் சரியாகச் சொல்லும் சில விஷயங்கள் உண்டு. பள்ளிக்கூடங்களில் நடக்கும் கொடுமைப்படுத்தலை 1970களிலேயே முறையாக ஆராய்ந்தவர் டான் ஓல்வேயஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது என்று அதற்கு மூன்று அடையாளங்கள் வைத்தார். இணையத்துக்கு வந்ததும் இரண்டாவது அடையாளம் உருமாறிவிடுகிறது. ஒருவன் ஒரே ஒரு முறை பதிவிட்டால் போதும், திரும்பத் திரும்பச் செய்கிற வேலையைப் பகிர்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போட்டது அழியாமல் நிற்கிறது, எல்லார் கண்ணிலும் படுகிறது, நொடியில் பரவுகிறது, தேடினால் கிடைக்கிறது என்று சமூக ஊடகங்களின் நான்கு குணங்களை டேனா பாய்ட் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். நல்ல நாவலாசிரியர் இதைக் கோட்பாடாகச் சொல்வதில்லை. வகுப்புக்குள் நுழையும் பெண், யார் யார் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டே தன் இடத்துக்குப் போவதாக எழுதுகிறார். அந்த எண்ணிக்கை அப்பட்டமான உண்மை. ஒரு பையன் என்னிடம், யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பதாகத் தோன்றுகிறது, அதனால் சிரிப்புச் சத்தம் கேட்கும் இடத்துக்கே போவதில்லை என்று சொன்னான். அவமானம் உடம்புக்குள் எப்படி இறங்குகிறது என்பதை எந்த விழிப்புணர்வுக் கையேட்டையும்விட இந்த நாவல்கள் நன்றாகச் சொல்கின்றன.

இன்னொன்றையும் அவை சரியாகப் பிடிக்கின்றன. பிள்ளைகள் இதற்குக் "கொடுமை" என்று பெயர் வைப்பதில்லை. "சும்மா கலாய்ச்சாங்க", "குரூப்ல ஒரு சண்டை" என்றுதான் பேசுவார்கள். டேனா பாய்டும் ஆலிஸ் மார்விக்கும் அமெரிக்கப் பிள்ளைகளிடம் பேசியபோதும் இதையேதான் கேட்டார்கள், அங்கே அவர்கள் சொன்ன சொல் "டிராமா". பெரியவர்கள் வைத்திருக்கும் பெயரை ஏற்றுக்கொண்டால் தான் பாதிக்கப்பட்டவள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். ஆகவே "உன்னை யாராவது சைபர்புல்லிங் பண்றாங்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்று பதில் வரும், அவளைப் பொறுத்தவரை அது பொய்யாகவும் இருக்காது.

இனி அவை தவறாகச் சொல்லும் இடங்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். முதலாவது முகமூடி. த்ரில்லருக்கு முகம் தெரியாத ஒரு வில்லன் வேண்டும், அது அந்த வடிவத்தின் தேவை. வாழ்க்கையில் வகுப்புத் தோழன், பிரிந்த சிநேகிதி, முன்னாள் காதலன் என்று பெரும்பாலும் தெரிந்த முகம்தான் திரையின் மறுபக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2006இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் அவளோடு நட்பாகப் பழகிவிட்டுத் திடீரென்று திட்டித் தீர்த்திருந்தான். அப்படி ஒரு பையனே உலகத்தில் இல்லை. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், அதே குடியிருப்பில் வசித்த, அவளுடைய பழைய தோழியின் அம்மா. வழக்கு நடந்தது. 2008இல் ஜூரி அந்தப் பெண்மணியைச் சிறு குற்றங்களுக்குக் குற்றவாளி என்றது. அடுத்த ஆண்டு நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். இதை ஒரு நாவலாசிரியர் எழுதினால் பதிப்பாளர் முடிவை மாற்றச் சொல்லியிருப்பார்.

பாலியல் சுரண்டலிலும் இந்த முகமூடிதான் வழி தவறவைக்கிறது. ஜேனிஸ் வோலக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் சிறார்களோடு பழகிக் குற்றம் செய்து கைதானவர்களில் தன்னை இன்னொரு சிறுவனாகக் காட்டிக்கொண்டவர்கள் மிகச் சிலரே என்று தெரியவந்தது. பெரும்பாலானோர் தாங்கள் வயதில் மூத்தவர்கள் என்பதை மறைக்கவே இல்லை. அன்பாகப் பேசினார்கள், கேட்பதற்கு ஆள் இல்லாத பிள்ளையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்தத் தரவு பழையது, அமெரிக்காவில் பிடிபட்டவர்களைப் பற்றியது மட்டுமே. இன்றைய எல்லாத் தளங்களுக்கும் அதே விகிதம் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழிமுறை மாறவில்லை என்பதை என் அறையில் பார்க்கிறேன். ரேச்சல் ஓகானல் என்ற ஆய்வாளர் 2003இல் இந்த வசப்படுத்தலைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் நட்பு. அடுத்து வீடு, பள்ளி, மனக்குறைகள் பற்றிய நெருக்கமான பேச்சு. அதற்குப் பிறகு அபாயத்தை அளந்து பார்க்கும் கட்டம் வரும். இந்த ஃபோனை வேறு யாராவது எடுப்பார்களா, நாம் பேசுவது யாருக்காவது தெரியுமா என்ற கேள்விகள் அப்போதுதான் எழும். அதைக் கடந்தால் "நமக்குள்ள மட்டும்" என்ற ரகசியம். பாலியல் பேச்சு அதற்குப் பின்னால்தான் பெரும்பாலும் வரும். எல்லாரும் இந்த வரிசையிலேயே போவதில்லை, சில நேரம் மாதங்கள் ஆகும், சில நேரம் ஒரே மாலை போதும். ஆனாலும் உங்கள் மகளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லித்தர நேரம் கிடைத்தால் அந்த மூன்றாவது கட்டத்தின் கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள். "உன் ஃபோனை யாராவது பார்ப்பாங்களா?" என்று ஒருவர் கேட்பது, அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், பேச்சை நிறுத்த வேண்டிய இடம். நான் படித்த த்ரில்லர்களில் இந்த வசப்படுத்தல் முழுவதும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மெதுவாக நடக்கும் எதுவும் அந்த வடிவத்துக்கு ஒத்துவருவதில்லை.

அடுத்து, மாட்டிக்கொள்கிறவர் யார் என்ற விஷயம். நாவலில் அது அநேகமாக ஒரு பெண். அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் பறிக்கும் வகையில், 14 முதல் 17 வயது வரையிலான பையன்களே பெரும்பாலும் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. அழகான பெண்ணின் படம் உள்ள கணக்கு பேச்சுக் கொடுக்கிறது, படம் கேட்கிறது, கிடைத்த மறுநிமிடம் பணம் கேட்கிறது. இங்கே நட்பும் இல்லை, மாதக்கணக்கான பேச்சும் இல்லை. எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், யாரிடமாவது சொல்லலாமா என்று யோசிக்கக்கூடப் பையனுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. உங்களுக்கு மகனும் இருந்தால் இந்தப் புத்தகங்கள் அவனுக்கும் உரியவைதான். ஆனால் அவனைப் போன்ற ஒருவன் அவற்றுள் வருவது குறைவு.

துப்பறியும் தோழனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியில் கெட்டிக்காரனான ஒருவன் ஐ.பி. முகவரியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தெருவையும் வீட்டையும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். இணைய இணைப்பின் அடையாளமான அந்த எண் பொதுவாக இணைய சேவை நிறுவனம் வரைதான் கொண்டுபோகும். மொபைல் இணைப்புகளில் ஒரே எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்தியது யார் என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும், முறையான சட்டக் கோரிக்கைக்குத்தான் அதைக் கொடுப்பார்கள், அந்தப் பதிவுகளையும் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. இதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. தானே கண்டுபிடிக்கிறேன் என்று பிள்ளை செலவழிக்கும் ஒவ்வொரு வாரமும் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. நாவலில் கதாநாயகியின் தைரியத்துக்கு அடையாளமாக வருவது, வாழ்க்கையில் ஆதாரம் நழுவும் நேரம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் ஒரு காட்சி உண்டு. பள்ளி விழாவில் பெரிய திரை, எல்லார் முன்னிலையிலும் குற்றவாளியின் செய்திகளும் படங்களும் ஓடுகின்றன, கூட்டம் கைதட்டுகிறது. படிப்பவருக்கு நெஞ்சு நிறைகிறது, எனக்கும் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்தத் திரையில் நடப்பது கதாநாயகிக்கு நடந்த அதே கொடுமைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறான். இதைப் பார்த்துப் பழகிய பிள்ளை, கையில் ஸ்கிரீன்ஷாட் கிடைத்ததும் முதலில் குரூப்பில் போடத்தான் நினைப்பாள். அப்படிப் போட்டுவிட்டுப் பிறகு தானே குற்றம்சாட்டப்பட்டு என் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவற்றைப் படிப்பதால் மனதுக்கு நன்மையா தீமையா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வந்துவிட்டோம். கதைக்குள் மூழ்கிப் படிப்பவரின் நம்பிக்கைகள் கதையின் பக்கம் சாயும் என்பதை மெலனி கிரீனும் டிமோதி பிராக்கும் 2000இல் சோதனைகளில் காட்டினார்கள். அந்தச் சாய்வு இணையத்தில் ஒரு பிள்ளையின் நடத்தையை எவ்வளவு மாற்றும் என்பது வேறு கேள்வி. தற்கொலை இடம்பெறும் கதைகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. பள்ளி மாணவி ஒருத்தியின் தற்கொலையை மையமாக வைத்து 2017இல் வந்த தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு அமெரிக்காவில் சிறார் தற்கொலைகள் கூடின என்று ஓர் ஆய்வு சொன்னது. அதே தரவை மறுபடி அலசிய இன்னொரு ஆய்வு அந்த முடிவை ஏற்கவில்லை. தொடரை வெளியிட்ட நிறுவனம் 2019இல் அந்தத் தற்கொலைக் காட்சியை நீக்கிவிட்டது. மறுபுறம், நெருக்கடியில் இருப்பவர் வேறு வழி கண்டு மீள்வதைச் சொல்லும் செய்திகள் தற்கொலையைக் குறைக்கும் பக்கம் நிற்கின்றன என்று ஆஸ்திரியாவில் நீடர்க்ரோடென்டாலரும் குழுவினரும் 2010இல் கண்டார்கள். அது செய்தித்தாள்களைப் பற்றிய ஆய்வு, நாவலைப் பற்றியது அல்ல. ஆனாலும் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நான் அதை மனதில் வைத்துக்கொள்கிறேன். மரணத்தைப் பழிவாங்கலாகவோ, எல்லாரையும் வருந்தவைக்கும் வெற்றியாகவோ காட்டும் கதையை, ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளையிடம் நான் கொடுப்பதில்லை.

மற்றபடி எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். கதாநாயகி தனக்கு நடந்ததை இன்னொருவரிடம் சொல்லும் அத்தியாயம் எங்கே வருகிறது, அதைக் கேட்டவர் என்ன செய்கிறார்? பல த்ரில்லர்களில் அது வருவதே இல்லை. வந்தாலும் கேட்கும் பெரியவர் முட்டாளாகவோ, கொடியவராகவோ, கடைசியில் அவரே குற்றவாளியாகவோ இருக்கிறார். காரணம் எளிது. 60ஆம் பக்கத்தில் அம்மாவிடம் சொல்லி அம்மாவும் ஒழுங்காக நடந்துகொண்டால் 61ஆம் பக்கத்தில் கதை முடிந்துவிடும். ரகசியம் இல்லாமல் த்ரில்லர் ஓடாது. மிரட்டுகிறவனின் பிழைப்பும் அதே ரகசியத்தில்தான் ஓடுகிறது. அதனால்தான் இந்த வகையில் சிறந்த புத்தகங்கள் வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சொல்வதே அங்கே கதையின் மிகப் பெரிய ஆபத்தாக, மிகுந்த பதற்றமுள்ள காட்சியாக வரும். சொன்ன பிறகும் எல்லாம் உடனே சரியாகிவிடாது, ஆனால் அவள் தனியாக இருக்க மாட்டாள். உங்கள் மகள் படித்தவற்றில் அப்படி ஒன்று இருந்தால் அது அவளுக்கு நல்ல துணை.

இனி உங்கள் மகள். ஒரே வகைக் கதைகளை விழுந்து விழுந்து படிப்பது தனியாக எதற்கும் அறிகுறி ஆகாது. அந்த வயதில் ஒரு வகை பிடித்துவிட்டால் அது தீரும்வரை படிப்பார்கள். தோழிகள் மத்தியில் ஒரே புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவளுடைய தோழிக்கு ஏதாவது நடந்திருக்கலாம், என் அனுபவத்தில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன். அதே நேரம் இணையக் கொடுமை அபூர்வமான விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 44 நாடுகளில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 15 வயதுக்காரர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இணையத்தில் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிப்போடு சேர்ந்து தூக்கம் கெடுவது, செய்தி வந்ததும் முகம் மாறுவது, நெருங்கிய ஒருத்தியின் பெயர் திடீரென்று பேச்சிலிருந்து மறைவது, பள்ளிக்குப் போகும் காலைகளில் மட்டும் வயிற்றுவலி என்று இரண்டு மூன்று மாற்றங்கள் ஒரே காலத்தில் வந்தால் நான் கவனிப்பேன். சாக வேண்டும் என்ற பேச்சோ தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடமோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடமோ உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணிலோ பேசுங்கள். அந்த நிலை இல்லாதபோது அவளுக்குத் தெரியாமல் ஃபோனைத் துழாவ வேண்டாம். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டால், அவள் உங்களிடம் மனம் திறந்து சொல்லும் அந்த அத்தியாயம் வரவே வராது.

ஏதோ நடந்திருக்கிறது என்று அவள் சொன்னால், முதல் ஐந்து நிமிடம் கேள்வி கேட்காதீர்கள். "ஏன் அனுப்பின?" என்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மறுபடி கேட்பான். கணக்கை உடனே அழிக்காமல் உரையாடல், கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாவற்றையும் பதிந்து வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள். சிறாரின் நிர்வாணப் படத்தை மட்டும் ஆதாரம் என்று நகல் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம், பல நாடுகளில் அதுவே குற்றம். அதை எப்படி ஒப்படைப்பது என்று புகார் எடுப்பவர்களிடமே கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படமாக இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது, மற்ற நாட்டவரும் பயன்படுத்தலாம். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும். அந்த எண்ணை வைத்து, திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன. சேராத தளங்களிலும், மறையாக்கம் செய்யப்பட்ட (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற) தனிச் செய்திகளிலும் அது எட்டாது.

மடித்து வைத்திருந்த பக்கத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி நேராகக் கேட்காதீர்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கேட்டு வாங்குங்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நிஜமாகவே படியுங்கள். படித்து முடித்ததும் கதையில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசுங்கள். "இவ அம்மாகிட்ட சொல்லியிருந்தா அம்மா என்ன பண்ணியிருப்பான்னு நினைக்கிற?" என்று கேட்டுப்பாருங்கள். உங்களைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். அவள் "ஃபோனைப் பிடுங்கியிருப்பாங்க" என்று சொன்னால், நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். அவள் எதுவும் சொல்லாமல் தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் போகட்டும். ஒரு வாரம் கழித்து அவள் படித்த அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.